பட்டம்மாள் பாட்டியும் அவருடைய அம்மாவும்

(நம் குடியிருப்பின் மூத்த குடிமக்கள் குழு ஜூலை மாதம் கம்யூனிட்டி ஹாலில் நடத்திய கூட்டத்தில் பேசியது. அன்று வர முடியாதவர்கள் கேட்டதால் எழுத்தில் தருகிறேன்.)



ஒரு நல்ல தாயைப் பற்றி, ஒரு நல்ல பாட்டியைப் பற்றி இருபது நிமிடம் பேசுங்கள் என்று செயலாளர் சொன்னார். அவரவர் அம்மாவைப் பற்றி அவரவர் பேச ஆரம்பித்தால் இந்த ஹாலை இன்றைக்குப் பூட்ட முடியாது. அதனால் நம் எல்லோருக்கும் பொதுவான ஒரு பாட்டியை எடுத்துக்கொண்டேன். டி.கே. பட்டம்மாள். 2009 ஜூலை 16-ம் தேதி, தொண்ணூறு வயதில், சென்னையில் காலமானார். இது அவருடைய நினைவு மாதம்.

முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குச் சங்கீதம் தெரியாது. இது என்ன ராகம் என்று யாராவது கேட்டால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் முகத்தைப் பார்ப்பேன். வங்கியில் லெட்ஜரோடு காலத்தை ஓட்டியவன் நான். ஆகவே பட்டம்மாளின் பாட்டைப் பற்றி நான் சொல்வதைவிட நீங்களே யூடியூபில் கேட்டுக்கொள்வது நல்லது. எனக்குப் பிடிபட்டது அந்தக் குடும்பத்தின் கதை. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

பூந்தமல்லியில் பஸ் ஏறி பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், அப்புறம் காஞ்சிபுரம் பிரிவு. அதையும் தாண்டி பாலுசெட்டி சத்திரம் கழிந்ததும் தாமல் என்று ஒரு ஊர் வரும். பெரிய ஏரி உண்டு. வேலூர்ப் பக்கம் சொந்த ஊர் உள்ளவர்கள் எத்தனையோ தடவை அதைக் கடந்து போயிருப்பீர்கள். டி.கே. பட்டம்மாள் என்பதில் அந்த ‘டி’ இந்தத் தாமல்தான். ‘கே’ அவருடைய அப்பா கிருஷ்ணசாமி தீட்சிதர். பிறந்தது 1919 மார்ச்சில், காஞ்சிபுரத்தில். வைத்த பெயர் அலமேலு. வீட்டில் செல்லமாகப் பட்டா.

அம்மாவின் பெயர் காந்திமதி. ராஜம்மாள் என்றும் கூப்பிடுவார்கள். இந்தப் பெயரைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

காந்திமதி அம்மாள் நன்றாகப் பாடக்கூடியவர். ஆனால் பாடக் கூடாது. மேடையில் பாடக் கூடாது என்பது மட்டும் இல்லை, வீட்டுக்கு வரும் உறவினர் முன்னாலும், சிநேகிதிகள் முன்னாலும் பாடக் கூடாது. ஆசாரமான குடும்பம், அந்தக் காலத்து வழக்கம் அப்படி. அப்பாவுக்குச் சங்கீதத்தில் உயிர். பெண் குழந்தைக்குப் பாட்டு வர வேண்டும் என்று ஆசைப்பட்டவர் அவர். அப்படிப்பட்ட வீட்டிலேயே மனைவிக்கு ஒரு சட்டம் இருந்தது, மகளுக்கு வேறு சட்டம் வந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு தலைமுறைதான்.

இங்கே ஒன்றைச் சரியாகச் சொல்ல வேண்டும். மேடையேறிப் பாடிய முதல் பெண் பட்டம்மாள் என்று சில இடங்களில் எழுதிவிடுகிறார்கள். அது அநியாயம். இசை வேளாளர் குடும்பங்களில் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடியும் ஆடியும்தான் இந்தக் கலையே நமக்கு மிஞ்சியது. சென்னை ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் என்று ஒரு பாட்டி இருந்தார். 1938-ல் காலமானார். வெள்ளிக்கிழமை மாலை அவர் வீட்டில் வீணை வாசிப்பார், பெரிய வித்வான்கள் எல்லாம் போய்ச் சத்தம் காட்டாமல் உட்கார்ந்து கேட்பார்கள். நாட்டியத்தில் பாலசரஸ்வதி, பாட்டில் பிருந்தா, முக்தா எல்லோரும் அவருடைய பேத்திகள். திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் கட்டியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். கட்டிய அவரே, அங்கே பெண்கள் பாடுவதற்காகப் போராட வேண்டியிருந்தது. பட்டம்மாள் தாண்டியது வேறொரு கதவு. பிராமணக் குடும்பத்துப் பெண் சபையில் உட்கார்ந்து கச்சேரி செய்வது என்பது அவரிடமிருந்துதான் தொடங்குகிறது. அந்தக் கதவுக்கு உட்பக்கம் நின்றவர் காந்திமதி அம்மாள்.

பட்டம்மாளுக்கு முறையான குருகுலவாசம் கிடையாது. பெண் குழந்தையை யார் வீட்டில் கொண்டுபோய் விடுவது? வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுத்த ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவருடைய பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. கடைசி வரை பட்டம்மாள் அவரைத் ‘தெலுங்கு வாத்தியார்’ என்றுதான் குறிப்பிட்டார். பெரிய பாடசாலை என்று சொன்னால் அது காஞ்சிபுரம் நைனா பிள்ளையின் கச்சேரிகள்தான். லயத்தில் சிங்கம் என்று பெயர் எடுத்தவர் நைனா பிள்ளை. குழந்தையைக் கூட்டிக்கொண்டு போய் அங்கே உட்கார வைப்பார்கள். கச்சேரி முடிந்து வீட்டுக்கு வந்ததும் கேட்ட கீர்த்தனையை, ராகத்தின் முக்கியமான பிடிகளை, மறக்கும் முன் ஸ்வரப்படுத்தி எழுதி வைக்க வேண்டும். பட்டம்மாளுக்கு இதில் துணை அவருடைய சகோதரர்கள் ரங்கநாதன், நாகராஜன், ஜெயராமன். டேப் ரிக்கார்டர் இல்லாத காலம் என்பதை நினைத்துப் பாருங்கள். இன்றைக்கு நம் பேரப் பிள்ளைகள் ஹோம்வொர்க்கை வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து வாங்குகிறார்கள்.

அந்தச் சகோதரர்களில் ஜெயராமன் பிற்காலத்தில் தாமே பெரிய வித்வானாகி 1990-ல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றார். அதற்கு முன்னால் பல ஆண்டுகள் அக்காவோடு மேடையில் கூட உட்கார்ந்து பாடினார். அக்கா முன்னால், தம்பி துணைக்கு. 1940-களில் இது சாதாரணக் காட்சி இல்லை.

பத்துப் பதினோரு வயதில் வானொலியில் பாடினார். அப்போது அகில இந்திய வானொலி சென்னைக்கு வரவில்லை, அது 1938-ல்தான். அதற்கு முன்னால் சென்னை மாநகராட்சியே ஒரு வானொலி நடத்தியது. அதில் பாடினார். 1930-களின் தொடக்கத்தில், பதின்மூன்று வயதை ஒட்டி, சென்னையில் கச்சேரி. கிராமபோன் இசைத்தட்டும் அதே சமயத்தில் வந்துவிட்டது. பெண் பாடலாமா, பாடினால் நாளைக்குக் கல்யாணம் ஆகுமா என்ற பேச்செல்லாம் இருந்த காலம். பள்ளித் தலைமை ஆசிரியை அப்பாவிடம் எடுத்துச் சொன்னார். கல்யாணமும் ஆயிற்று. கணவர் ஈஸ்வரன், பாட்டுக்குக் குறுக்கே நிற்காதது மட்டும் இல்லை, கடைசி வரை பக்கத்திலேயே இருந்தவர்.

அவருக்குப் ‘பல்லவி பட்டம்மாள்’ என்று பெயர் வந்த கதையைச் சொல்லாமல் விட முடியாது. ராகம் தானம் பல்லவி என்பது கச்சேரியில் கடினமான பகுதி. சாகித்யம் ஒரே வரி. தாளம் நீளமாகவும் சிக்கலாகவும் இருக்கும். கை ஒரு கணக்கில் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும், பாட்டு அதே வரியை இரண்டு மடங்கு வேகத்தில், பாதி வேகத்தில் என்று மாற்றி மாற்றி ஓடும், கடைசியில் சரியான இடத்தில் வந்து சேர வேண்டும். எனக்குத் தெரிந்த பாஷையில் சொன்னால், ஒரு பக்கம் லெட்ஜரில் நீளக் கூட்டல் போட்டுக்கொண்டே மறுபக்கம் கவுண்டரில் நிற்பவருக்குச் சில்லறை எண்ணித் தருவது மாதிரி. ஒரு பைசா உதைத்தாலும் அன்றைக்கு வீட்டுக்குப் போக முடியாது. இந்தக் கணக்கெல்லாம் பெண்களுக்கு வராது, அது ஆண்களின் வேலை என்று சொல்லி வைத்திருந்தார்கள். பட்டம்மாள் யாரோடும் சண்டை போடவில்லை. வித்யாலா நரசிம்மலு நாயுடு போன்றவர்களிடம் பாடம் கேட்டார், மேடையில் உட்கார்ந்து பல்லவி பாடினார், பாடிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நாளில் அந்தப் பேச்சு தானாகவே நின்றுபோயிற்று.

சினிமா விஷயத்தில் அவருக்கு ஒரு கோடு இருந்தது. நடிக்க மாட்டார். பக்திப் பாட்டு, தேசபக்திப் பாட்டு என்றால் பாடுவார், காதல் பாட்டு என்றால் இல்லை. 1939-ல் கே. சுப்பிரமணியம் எடுத்த ‘தியாக பூமி’ படத்துக்குப் பாபநாசம் சிவன்தான் அவரைப் பாட வைத்தார். பிரிட்டிஷ் அரசாங்கம் தடை போட்ட படம் அது. பிறகு 1947-ல் ஏ.வி.எம். எடுத்த ‘நாம் இருவர்’. அதில் பாரதியின் சுதந்திரப் பள்ளைப் பட்டம்மாள் பாடினார். சுதந்திரம் வந்துவிட்டது என்று கொண்டாடுகிற அந்தப் பாட்டு தியேட்டரில் ஓட ஆரம்பித்தபோது சுதந்திரம் இன்னும் வரவில்லை. ஆகஸ்டில் அது வந்தபோது, சென்னை வானொலியில் பாட அழைக்கப்பட்டவரும் அவரே. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் காங்கிரஸா திராவிட இயக்கமா என்று அடித்துக்கொள்வார்கள், ஆனால் ரேடியோவில் இந்தப் பாட்டு வந்தால் இரண்டு கட்சியும் வாயை மூடிக்கொள்ளும்.

முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனைகளை டி.எல். வெங்கடராம ஐயரிடம் கற்றார். அவர் பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஆனவர். நீதிபதிகளுக்கு அந்தக் காலத்தில் இதற்கெல்லாம் நேரம் இருந்தது! 1970-ல் மியூசிக் அகாடமி பட்டம்மாளுக்குச் சங்கீத கலாநிதி கொடுத்தது. பெண்களில் எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு அடுத்து இவர்தான். 1971-ல் பத்மபூஷண், 1998-ல் பத்மவிபூஷண். பட்டங்களை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். நம் கதை வீட்டுக்குள் இருக்கிறது.

பாலக்காடு மணி ஐயர் என்று ஒரு மிருதங்க மேதை. பெண்களுக்குப் பக்கவாத்தியம் வாசிப்பதில்லை என்று வெகுகாலம் இருந்தவர். அந்த வழக்கத்தை விட்டு அவர் பட்டம்மாளுக்கு வாசித்தார். பட்டம்மாளின் மகன் சிவகுமார் மணி ஐயரிடமே மிருதங்கம் கற்றவர். மணி ஐயரின் மகள் லலிதா இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தார்.

இந்த இடத்தில்தான் எனக்குப் பட்டம்மாள் மேல் தனி மரியாதை. பதினெட்டு வயதில் மருமகளாக வந்த பெண்ணை அவர் சமையலறைக்குள் விட்டுவிட்டுத் தான் மட்டும் கச்சேரிக்குப் போகவில்லை. சிஷ்யையாக எடுத்துக்கொண்டார். லலிதா சிவகுமார் மாமியாரிடம் பாடம் கற்று, மாமியாரோடு மேடையில் உட்கார்ந்து கூடப் பாடினார். ஆண்டுக்கணக்கில். இங்கே உட்கார்ந்திருக்கிற மாமியார்களும் மருமகள்களும் சிரிக்கிறீர்கள். ஒரு சமையலறையில் சேர்ந்து நிற்பதே சில வீடுகளில் பெரும் பாடு. இவர்கள் இரண்டு பேரும் ஒரே சுருதியில், ஒரே மைக்குக்குப் பக்கத்தில், மூன்று மணி நேரம் சேர்ந்து இருந்திருக்கிறார்கள். காந்திமதி அம்மாளின் வீட்டுக்கு வந்த மருமகளாக லலிதா இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். பதில் உங்களுக்கே தெரியும்.

அடுத்தது பேத்தி. சிவகுமார் – லலிதா தம்பதியின் மகள் நித்யஸ்ரீ. முதலில் அம்மாவிடம் பாட்டு, அப்புறம் பாட்டியிடம். 1987-ல், பதினான்கு வயதில், முதல் கச்சேரி. அதன் பிறகும் பாட்டியோடு மேடையில் உட்கார்ந்து பாடினார். 1998-ல் ‘ஜீன்ஸ்’ படத்தில் அவர் பாடிய பாட்டு ஊர் முழுக்க ஒலித்தது. ஆவடி பஸ்ஸில் கண்டக்டர்கூட அதை முணுமுணுத்துக்கொண்டு டிக்கெட் கிழித்தார். அதே வருடம்தான் பாட்டிக்குப் பத்மவிபூஷண். அதோடு பாட்டி ஓய்ந்துவிடவில்லை. 2000-ல் வந்த ‘ஹே ராம்’ படத்தில், இளையராஜாவின் இசையில், காந்திஜிக்குப் பிடித்த அந்தக் குஜராத்தி பஜனைப் பாட்டில் பட்டம்மாளின் குரல் வருகிறது. வயது எண்பதைத் தாண்டிவிட்டது. ஜப்பானிலிருந்து வந்த ஒரு மாணவர்கூட அவரிடம் சிஷ்யராக இருந்து பாட்டுக் கற்றிருக்கிறார். இப்போது கொள்ளுப்பேத்தி லாவண்யா சுந்தரராமனும் கச்சேரி செய்கிறார்.

காந்திமதி, பட்டம்மாள், லலிதா, நித்யஸ்ரீ, லாவண்யா. ஒரு பக்கத்தில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். நான்கு பேருக்கு எதிரில் தேதி, மேடை, இசைத்தட்டு, பட்டம் எல்லாம் எழுத முடிகிறது. முதல் பெயருக்கு எதிரில் எழுத ஒன்றும் இல்லை. அந்த அம்மாள் பாடிய ஒரு வரியும் எங்கும் பதிவாகவில்லை. மகள் பெயர் பெற்றதால்தான் அந்தப் பெயரே நமக்குத் தெரிகிறது. வங்கியில் இப்படிக் கணக்குகள் உண்டு, பெயர் இருக்கும், வரவு செலவு எதுவும் இருக்காது. ‘செயல்படாத கணக்கு’ என்று ஒதுக்கிவிடுவோம். பணமே இல்லாததால் அது அப்படிக் கிடக்கிறது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எடுக்க விடவில்லை, அவ்வளவுதான்.

இதை நான் ஏன் நம் கூட்டத்தில் சொல்கிறேன் என்றால், நம் கட்டிடத்திலும் காந்திமதி அம்மாக்கள் இருக்கிறார்கள். நீங்கள் கவனித்திருக்கிறீர்களோ இல்லையோ, மத்தியானம் மூன்று மணிக்கு பி பிளாக் லிஃப்ட் பக்கம் நின்றால் தாலாட்டு கேட்கும். மகனும் மருமகளும் அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஐ.டி. கம்பெனிக்குப் போயிருப்பார்கள், ஊரிலிருந்து வந்த பாட்டி பேரக் குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டிருப்பார். என்ன குரல்! ஒரு நாள் கதவு திறந்திருந்தது, “அம்மா, நல்லா பாடுறீங்க” என்றேன். அவர் வெட்கப்பட்டு, “ஐயோ, அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க” என்று கதவைச் சாத்திவிட்டார். அவர் எங்கே கற்றார், யாரிடம் கற்றார், அவருடைய ஊரில் கும்மிப் பாட்டு முன்னால் நின்று பாடியவரா, ஒன்றும் நமக்குத் தெரியாது. அவருடைய பிள்ளைக்காவது தெரியுமா என்பதும் எனக்குச் சந்தேகம்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், செயலாளர் கோபித்துக்கொள்ளக் கூடாது. நம் நோட்டீஸ் போர்டில் ஒரு சர்க்குலர் ஒட்டியிருக்கிறது. காலை எட்டு மணிக்கு முன்னாலும் இரவு எட்டு மணிக்குப் பின்னாலும் வீடுகளில் ‘இசைப் பயிற்சி, வாத்தியப் பயிற்சி’ கூடாது என்று. எதற்காக வந்தது என்று எனக்குத் தெரியும். ஒரு குழந்தை காலையில் ஆறு மணிக்குச் சரளி வரிசை பாடியது, மேல் வீட்டில் இரவு ஷிப்ட் முடித்து வந்து தூங்கியவருக்கு இடைஞ்சல். அவர் பக்கமும் நியாயம் உண்டு, தூக்கம் கெட்டால் உடம்பு கெட்டுவிடும். ஆனால் எட்டு மணிக்குப் பள்ளிக்கூட வேன் வந்துவிடுகிறது. மாலையில் டியூஷன் முடிய ஏழரை. அப்படியானால் அந்தக் குழந்தை எப்போது பாடும்? இதே கட்டிடத்தில் காலை ஆறு மணிக்கு டிரில் மெஷின் ஓடியிருக்கிறது, இரவு பதினொன்றுக்கு ஐ.பி.எல். கூச்சல் கேட்டிருக்கிறது. அவற்றுக்குச் சர்க்குலர் இல்லை. காஞ்சிபுரத்து வீட்டில் ஆசாரத்தைச் சொல்லி வாயை மூடினார்கள், நாம் பை-லாவைச் சொல்லி மூடிவிடக் கூடாது என்பது என் கவலை.

என் யோசனை சாதாரணமானதுதான். காலை ஆறரை முதல் ஏழரை வரை இந்தக் கம்யூனிட்டி ஹாலையே பாட்டுப் பழகும் பிள்ளைகளுக்குத் திறந்துவிடலாம். அந்த நேரத்தில் இங்கே யாரும் வருவதில்லை. ஹாலுக்கு மேலே இருப்பது தண்ணீர்த் தொட்டி, அது தூங்குவதில்லை. சாவியை நான் வாங்கி வைத்துக்கொள்கிறேன், திறக்கவும் பூட்டவும் என் பொறுப்பு. எப்படியும் நான் ஐந்து மணிக்கு எழுந்து பால் பாக்கெட்டுக்காக நிற்கிறவன். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதை எழுத்து மூலம் கொடுக்கிறேன், ஆதரிப்பவர்கள் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள்.

இரண்டாவது, நவராத்திரி வருகிறது. வழக்கமாக ஒன்பது நாளும் வெளியிலிருந்து ஆட்களைக் கூப்பிட்டுப் பாட வைக்கிறோம், நல்லதுதான். இந்த வருடம் ஒரு நாளை நம் வீட்டுப் பாட்டிகளுக்கு விட்டுவிடலாம் என்று மகளிர் குழுவிடம் கேட்டிருக்கிறேன், சரி என்றார்கள். கர்நாடக சங்கீதம்தான் வேண்டும் என்று இல்லை. தாலாட்டு, நலங்குப் பாட்டு, கும்மி, மாரியம்மன் பாட்டு, சர்ச் கீதம், ரம்ஜானுக்குப் பாடுகிற நாகூர்ப் பாட்டு, எது தெரியுமோ அது. பழைய சினிமாப் பாட்டும் சரி. ஒருவருக்குப் பத்து நிமிடம். பிள்ளைகளோ பேரன் பேத்திகளோ போனில் பதிவு செய்யட்டும், தேதியும் பாடியவர் பெயரும் போட்டுப் பத்திரமாக வைக்கட்டும். பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். “எங்கம்மா பாட மாட்டாங்க சார்” என்று அம்மாவைக் கேட்காமலே நீங்கள் பதில் சொல்லாதீர்கள்.

கேட்டில் செக்யூரிட்டி மேஜை மேல் நீல அட்டை போட்ட ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பெயர், பிளாக், ஃபிளாட் நம்பர், என்ன பாட்டு என்று எழுதினால் போதும். வயதில் மூத்தவர்களுக்கு முதல் வாய்ப்பு, எண்பது தாண்டியவர்களுக்கு நேரக் கட்டுப்பாடு கிடையாது. மாடிப்படி ஏற முடியாதவர்களுக்கு நாற்காலியைத் தூக்கி வர எங்கள் வாக்கிங் குழுவில் நான்கு பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மைக்கும் மின்விசிறியும் அதற்குள் ரிப்பேர் செய்து தருவதாகச் செயலாளர் இப்போதுதான் தலையாட்டினார், நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள்.